பாறையைத் துளைக்கும் முனையும் பாலாற்றுக் குடிநீரும்

முன்னுரை

வள்ளுவப் பெருந்தகை கல்விக்கு உவமை தேடியபோது மணற்கேணியைத் தேர்ந்தெடுத்தார். தோண்டத் தோண்ட நீர் சுரப்பது மணலின் இயல்பு. நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திர நிலத்தைக் கடந்து, வாணியம்பாடிப் பக்கமாகத் தமிழகத்தில் நுழையும் பாலாறும் அத்தகைய மணற்கேணிகளின் ஆறே ஆகும். மேலே வெள்ளம் ஓடாத நாளிலும் மணலுக்குள் நீர் ஓடிக்கொண்டிருந்தது. ஊற்றுக்கால் வெட்டி அந்நீரை வயலுக்குக் கொண்டுசென்றவர் நம் முன்னோர்.

அந்நிலை இன்று மாறிவிட்டது. மணல் குறைந்தது, மணலுக்குள் இருந்த நீரும் பல இடங்களில் உப்பேறியது. எனவே வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோல் தொழில் வட்டாரத்தில் நீர் தேடுவோர் பாறையை நோக்கிச் சென்றனர். மணற்கேணிக்குக் கையும் மண்வெட்டியும் போதும். பாறைக்கு அவை போதா. அங்கே வேலை செய்வது உருளை போன்ற ஓர் எஃகுத் துண்டு. அதன் முகத்தில் சிறு குமிழ்கள் பதிந்திருக்கும். போர் வண்டிக்காரர் அதனைப் 'பிட்' என்பர். நாம் துளைமுனை என்போம். அது எவ்வாறு அமைந்துள்ளது, அதனால் ஆவது யாது, ஆகாதது யாது என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் செயலும்

நிலத்தைத் திறக்கும் செயலைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள்ளன. தொடுதல், அகழ்தல், கல்லுதல், பறித்தல், குடைதல், துளைத்தல் என அவை விரியும். தச்சன் மரத்தில் செய்வது குடைதல். அங்கே கருவி சுழன்று சீவுகிறது. கல் தச்சன் பாறையில் செய்வதோ வேறு. அவன் உளியை வைத்துச் சம்மட்டியால் அடிக்கிறான், அடித்தபின் உளியைச் சற்றே திருப்புகிறான், மீண்டும் அடிக்கிறான், இடையிடையே குழியில் சேர்ந்த தூளை அகற்றுகிறான். அடித்தல், திருப்புதல், தூள் அகற்றுதல் ஆகிய இம்மூன்றும் சேர்ந்ததே பாறைத் துளைப்பு. இன்றைய பெரிய எந்திரமும் இம்மூன்றைத்தான் செய்கிறது. விரைவாகவும் ஓயாமலும் செய்கிறது என்பதே வேறுபாடு.

மக்கள் வழக்கில் இதற்குப் 'போர் போடுதல்' என்று பெயர். இஃது ஆங்கிலச் சொல்லின் திரிபே ஆயினும், பாறையோடு நடத்தும் போர் என்று நம் மாணவர் வேடிக்கையாகப் பொருள் கொள்வதும் உண்டு. செயலை நோக்கின் அப்பொருளும் பொருந்தாமல் இல்லை.

நம் நிலத்தின் பாறை

நம் வட்டாரத்தின் மேல்மண்ணை நீக்கினால் கீழே இருப்பவை பெரும்பாலும் கருங்கல்லும் அதன் இனமான வரிப்பாறையும் சார்னோக்கைட்டும் ஆகும். சார்னோக்கைட்டு என்னும் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. கல்கத்தா நகரத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் ஜாப் சார்னாக் என்பாரின் கல்லறைக் கல், சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியின் பாறையினத்தைச் சேர்ந்தது. அதனை ஆராய்ந்த நிலவியலார் ஹாலந்து, 1893இல் அவர் பெயரையே அப்பாறைக்குச் சூட்டினார்.

இப்பாறைகளில் குவார்ட்சும் பெல்ஸ்பாரும் மிகுதி. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் பெல்ஸ்பார் 6, குவார்ட்சு 7; சாதாரண எஃகு இவற்றோடு உராய்ந்தால் விரைவில் மழுங்கும். மேலும், இப்பாறையின் உடலில் நீர் இல்லை. அதன் வெடிப்புகளில்தான் நீர் உள்ளது. ஆகவே பாறையில் கிணறு அமைப்பதென்பது வெடிப்பைத் தேடிச் செல்வதே ஆகும். வெடிப்பு அகப்பட்டால் நீர். அகப்படாவிட்டால் வெறும் துளை.

இப்பாறைக்கு ஒரு வலிமையும் ஒரு மெலிவும் உண்டு. அழுத்தினால் அது மிகப் பெரிய சுமையைத் தாங்கும். இழுத்தால் அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு விசைக்கே விரிசல் விடும். குமிழ் ஒன்று பாறைமேல் பலமாக மோதும்போது, அதன் அடியிலுள்ள சிறு பகுதி நொறுங்கித் தூளாகிறது. அத்தூள் நாற்புறமும் நெருக்குவதால் சுற்றியுள்ள பாறையில் இழுவிசை தோன்றி விரிசல்கள் ஓடுகின்றன. அருகருகே உள்ள குமிழ்களின் விரிசல்கள் ஒன்றையொன்று சந்திக்குமிடத்தில் பாறை செதிலாகப் பெயர்கிறது. பாறையின் வலிமையோடு மோதாமல் அதன் மெலிவைப் பயன்படுத்துவதே இம்முறையின் நுட்பம் எனலாம்.

இடித்துத் துளைத்தலின் வரலாறு

இம்முறை புதியதன்று. சீன நாட்டின் சிச்சுவான் பகுதியில் உப்பு நீர் எடுப்போர், மூங்கில் வடத்தில் கனமான இரும்பு முனையைக் கட்டி உயர்த்தியும் விழவிட்டும் பாறையைத் துளைத்தனர். அங்குள்ள சிகோங் என்னும் ஊரில் 1835இல் முடிக்கப்பட்ட உப்புக் கிணறு 1000 மீட்டர் ஆழத்தைத் தாண்டியது. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து பிரான்சையும் இத்தாலியையும் இணைத்த சுரங்கப்பாதை 1857இல் தொடங்கி 1871இல் திறக்கப்பட்டது. சொமெய்யே என்னும் பொறியாளர் அழுத்தக் காற்றால் இயங்கும் துளைக்கருவியை அங்கே புகுத்தி, வேலையின் வேகத்தைக் கூட்டினார்.

ஆயினும் ஆழ்கிணற்றுக்கு ஓர் இடையூறு எஞ்சியிருந்தது. சுத்தியல் தரைக்கு மேலே இருந்து கம்பியின் தலையில் அடித்தால், ஒவ்வொரு கம்பி இணைப்பிலும் அடியின் ஆற்றல் சிறிது வீணாகும். ஆழம் கூடக்கூட முனைக்குச் சென்று சேரும் ஆற்றல் குறைந்துகொண்டே போகும். 1950களில் இதற்குத் தீர்வு கண்டனர். சுத்தியலையே துளைக்குள் இறக்கி, முனைக்கு நேர் மேலே பொருத்தினர். தரையிலுள்ள கம்ப்ரசரிலிருந்து அழுத்தக் காற்று உள்ளீடற்ற ராடுகள் வழியாக இறங்கிச் சுத்தியலுக்குள் இருக்கும் பிஸ்டனை ஓயாது இயக்குகிறது. அது முனையின் தலையில் அடிக்கிறது. முனை 50 அடியில் இருந்தாலும் 500 அடியில் இருந்தாலும் அடி நேரே அதன்மேல் விழுகிறது.

1960களின் நடுவில் பீகாரை வறட்சி வாட்டியபோது, இவ்வகைத் துளை எந்திரங்களை ஐ.நா. குழந்தைகள் நிதியம் 1967இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. கடினப் பாறை நிலத்தில் குடிநீர் தேடுவதற்கு அது பெருந்திருப்பமாயிற்று. தமிழகத்தில் 1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்தது. பின்னர்த் திருச்செங்கோடு போர் வண்டித் தொழிலின் தலைநகராக வளர்ந்தது. அவ்வூர் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் சென்று துளையிடுகின்றன.

துளைமுனையின் அமைப்பு

துளைமுனையின் உடல் பதப்படுத்திய கலப்பு எஃகால் ஆனது. அதன் மேற்பகுதி பல்வரிசை போன்ற வரிகளோடு சுத்தியலுக்குள் நுழைந்திருக்கும். அவ்வரிகளால் முனை மேலும் கீழும் சற்றே அசையும். ஆனால் ராடு சுழலும்போது உடன் சுழலும். கீழ்ப்பகுதி அகன்று தலையாகிறது. அத்தலையின் முகத்தில் பதிந்திருக்கும் குமிழ்களே பாறையைத் தீண்டுபவை. அதனால்தான் இதற்குப் 'பட்டன் பிட்' என்று பெயர்.

குமிழ்கள் எஃகால் ஆனவை அல்ல. அவை டங்ஸ்டன் கார்பைடு தூளைக் கோபால்ட்டோடு சேர்த்து அழுத்திச் சுட்டு உருவாக்கப்பட்டவை. இப்பொருள் 1923இல் செருமனியில், மின்விளக்கு இழைக்குரிய கம்பியை இழுக்கும் அச்சுக்காக உருவாக்கப்பட்டது. விளக்குக்காகப் பிறந்த பொருள் பாறைக்குப் பயன்பட்டது. கடினத்தை டங்ஸ்டன் கார்பைடும் உடையாத் தன்மையைக் கோபால்ட்டும் தருகின்றன. கோபால்ட்டைக் கூட்டினால் குமிழ் எளிதில் உடையாது; ஆனால் விரைவில் தேயும். குறைத்தால் தேயாது, ஆனால் உடையும். இவ்விரண்டுக்கும் இடையே அளவறிந்து நிற்பதே வடிவமைப்போரின் திறம்.

குமிழின் வடிவமும் பாறையைப் பொறுத்தது. அரைக்கோள வடிவக் குமிழ் மெல்லவே இறங்கினாலும் வலுவுடையது. கருங்கல்லுக்கும் சார்னோக்கைட்டுக்கும் ஏற்றது. தோட்டா போலக் கூர்ந்த குமிழ் விரைந்து இறங்கும். ஆனால் கடும்பாறையில் எளிதில் முறியும். முனையின் முகமும் அவ்வாறே. தட்டை முகம் கடும்பாறைக்கு உகந்தது. நடுவில் குழிந்த முகம் துளை கோணாமல் நேராகச் செல்ல உதவும். குவிந்த முகம் மென்பாறையில் விரைவு தரும்.

எல்லாக் குமிழ்களுள்ளும் மிகுதியாக உழைப்பவை விளிம்பு வரிசைக் குமிழ்களே. நடுக்குமிழ்கள் முன்னால் உள்ள பாறையை மட்டும் உடைக்க, விளிம்புக் குமிழ்கள் பக்கச் சுவரையும் தேய்த்துத் துளையின் அகலத்தைக் காக்கின்றன. அதற்காகவே அவற்றை வெளிப்புறமாகச் சாய்த்துப் பதிப்பர். அவை தேய்ந்தால் முனை சிறுக்கும்; முனை சிறுத்தால் துளையும் கீழே செல்லச் செல்லக் குறுகும். தேய்ந்த முனையை எடுத்துவிட்டுப் புது முனையை அதே துளையில் இறக்கினால், குறுகிய இடத்தில் அது சிக்கிக்கொள்ளும். ஆகவே தேர்ந்த போர்க்காரர் ஒரு கிணற்றின் நடுவே முனையை மாற்ற நேர்ந்தால், முன்னதைவிடச் சற்றுச் சிறிய முனையையே இறக்குவார். குமிழின் உச்சி தேய்ந்து தட்டையாகி, அத்தட்டையின் அகலம் குமிழ் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டுமுன் அதனைச் சாணைபிடித்து மீண்டும் உருண்டையாக்க வேண்டும் என்பது இத்தொழிலின் நெறி.

அடியும் சுழற்சியும்

நம் பக்கம் பெரிதும் வழங்கும் அளவு ஆறரை அங்குலம், அதாவது 165 மில்லிமீட்டர். சுத்தியல் நிமிடத்திற்கு 1500 முறை அடிப்பதாகவும் ராடு நிமிடத்திற்கு 25 முறை சுழல்வதாகவும் கொள்வோம். ஒரு சுழற்சிக்கு 60 அடிகள் விழும். ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடையே முனை 6 பாகை திரும்பும். விளிம்புக் குமிழ் ஒன்று ஏறத்தாழ 8½ மில்லிமீட்டர் நகர்ந்து புதிய இடத்தில் மோதும். சுழற்சி மிகக் குறைந்தால் குமிழ் தான் முன்னமே நொறுக்கிய குழியிலேயே விழுந்து தூளையே மீண்டும் இடிக்கும். மிகக் கூடினால் இடிக்கும் வேலை குறைந்து இழுபடும் வேலை கூடும். விளிம்புக் குமிழ்கள் தேய்ந்துவிடும். விரைவு வேண்டுமென்று சுழற்சியைக் கூட்டுவது விரைவைத் தராது, முனையைத்தான் அழிக்கும்.

தூளை வெளியேற்றுதல்

ஆறரை அங்குலத் துளையில் ஒரு மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 58 கிலோ கல் பெயர்கிறது. ஆயிரம் அடி இறங்கினால் பதினேழரை டன்னுக்கு மேல் ஆகிறது. இவ்வளவும் முனையைக் கடந்துதான் மேலே வரவேண்டும். அதற்காகவே முனையின் முகத்தில் காற்றுத் துளைகளும், முகத்திலும் பக்கத்திலும் பள்ளங்களும் அமைத்துள்ளனர். பிஸ்டனை இயக்கிய காற்றே அத்துளைகளின் வழி வெளிப்பட்டு, கற்செதில்களை வாரிக்கொண்டு மேலேறுகிறது. அதன் வேகம் நொடிக்கு 15 மீட்டராவது இருத்தல் வேண்டும். குறைந்தால் செதில்கள் திரும்ப விழுந்து முனையை இறுக்கும். தொடக்க காலத்தில் சதுர அங்குலத்திற்கு 100 பவுண்டு அழுத்தமுடைய கம்ப்ரசர்கள் இருந்தன. இன்று 350 பவுண்டும் அதற்கு மேலும் உடையவை வழக்கில் உள்ளன.

மேலே வரும் இத்தூளே பாதாளத்திலிருந்து வரும் மடல் ஆகும். வெண்மையான உலர்தூள், ஈரக்களி, பழுப்பேறிய செதில், திடீரென மாறும் ஓசை ஆகியவற்றைக் கொண்டு கீழே பாறை கெட்டியா, வெடிப்பா, நீர் உண்டா என்பதைப் போர்க்காரர் கூறிவிடுவார். பழுப்பு நிறம் நீர் ஓடித் துருவேறிய வெடிப்பைக் காட்டும். எழுத்தறியாதவரும் படிக்கும் மடல் இது.

தோல் வட்டாரத்தில் எழும் வினா

இதுகாறும் கூறியவை பாறை நிலம் எங்கும் பொருந்துவன. நம் வட்டாரத்திற்கென ஒரு தனி வினா உண்டு. தோல் பதனிடுதல் நம் ஊர்களுக்கு வாழ்வளித்த தொழில். அதனை நாம் நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் தோலைக் கெடாமல் காக்கும் உப்பும், ஆவாரம் பட்டைக்குப் பதிலாக வந்த குரோமியமும் கழிவுநீரோடு நிலத்தில் இறங்கியதும் உண்மையே. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பளித்தது. தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்னும் ஆய்வு முடிவை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. பாலாற்று மாசு குறித்து 2025 ஜனவரி 30இலும் அந்நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்தது.

'மேல்நீர்தானே கெட்டது, ஆழத்தில் நல்ல நீர் இருக்கும்' என்பது மக்களிடையே பரவியுள்ள எண்ணம். இவ்வெண்ணத்தைத் துளைமுனையின் துணைகொண்டே ஆராய வேண்டும். போர் போடும்போது முதலில் அகன்ற முனையால் மேல்மண்ணையும் சிதைந்த பாறையையும் துளைத்து, கேசிங் பைப்பை இறக்குவர். பின்னர் அப்பைப்பின் உள்ளே செல்லும் சிறிய முனையால் கெட்டிப் பாறையைத் துளைப்பர். பைப்பின் அடி கெட்டிப் பாறையில் நன்கு பதிந்து அமராவிட்டால், அல்லது பைப்பிற்கும் மண்ணிற்கும் இடைப்பட்ட வெளியைச் சிமெண்டுக் குழம்பால் அடைக்காவிட்டால், மேலே உள்ள கெட்ட நீர் பைப்பின் வெளிப்புறமாக வழிந்து கிணற்றுக்குள் இறங்கும். ஆயிரம் அடி துளைத்தும் நாம் குடிப்பது முப்பதடி ஆழத்து நீராக இருக்கக்கூடும்.

கூலி அடிக்கணக்கில் அளக்கப்படுவதால் எல்லோர் கண்ணும் ஆழத்தின் மேலேயே இருக்கிறது. பைப்பு எங்கே அமர்ந்தது என்று கேட்பார் அரியர். அகன்ற முனை கெட்டிப் பாறைக்குள் இன்னும் சில அடி இறங்கியிருந்தால் பைப்பிற்கு நல்ல இருக்கை கிடைத்திருக்கும். அச்சில அடிகளுக்கு ஆகும் செலவு சிறிது. விட்டுவிட்டால் வரும் கேடு தலைமுறைக்கு நீளும்.

பைப்பு செம்மையாக அமர்ந்தாலும் முழுப் பாதுகாப்பு என்று கூறுவதற்கில்லை. மேல்வெடிப்பும் கீழ்வெடிப்பும் பாறைக்குள் இணைந்திருக்கலாம். கீழே நீரை இறைக்க இறைக்க மேல்நீர் அவ்வழியே இறங்கலாம். ஆகவே சோதனையே முடிவான சான்று. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012ஆம் ஆண்டு நெறிப்படி, குடிநீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம். வேறு நீர் கிடைக்காதபோது 2000 வரை ஏற்கலாம். குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டலாகாது. உப்பை நாக்கு உணர்த்தும். அவ்வளவு சிறிய அளவிலுள்ள குரோமியத்தை நாக்கு உணர்த்தாது.

கைவிடப்பட்ட துளை

நீர் காணாத துளை இருவகையில் தீங்கு செய்யும். ஒன்று, மேல்மாசு நேரே ஆழத்துக்கு இறங்கும் வழியாகிறது. மற்றொன்று, உயிரைக் கொள்ளும் பொறியாகிறது. 2019 அக்டோபர் 25இல் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று பயனற்ற ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து உயிரிழந்ததை நாடு மறந்திருக்காது. அருகே ஆள் இறங்கும் குழி தோண்ட முயன்ற எந்திரங்கள் கடினப் பாறையால் தாமதமாயின. அதன் காரணத்தைக் கணக்கே காட்டும். ஆறரை அங்குலத் துளையோடு ஒப்பிட, ஒரு மீட்டர் அகலக் குழிக்கு அதே ஆழத்தில் ஏறத்தாழ 37 மடங்கு பாறையை உடைத்தாக வேண்டும். சில மணி நேரத்தில் நாம் இடும் சிறு துளையை, மீட்கும் வேளையில் அதே வேகத்தில் பெருந்துளையாக்க இயலாது.

இத்தகைய துளைகளை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல், துளைத்தபோது வந்த தூள் ஆகியவற்றால் நிரப்ப வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2010லேயே ஆணையிட்டது. எந்தப் பாறைத்தூளை முனை வெளியே தள்ளியதோ, அதுவே துளையை மூட உதவும் பொருள்களுள் ஒன்று. அது பெரும்பாலும் துளையின் அருகிலேயே குவிந்து கிடக்கிறது. வேண்டுவது மனமும் ஒரு மண்வெட்டியுமே.

முடிவுரை

துளைமுனை மனித அறிவின் அரிய ஆக்கம். பாறையின் மெலிவை அறிந்து, அடியையும் சுழற்சியையும் காற்றையும் அளவோடு இணைத்து, கருங்கல்லுக்கு அடியிலிருந்து நீரை நம் வாசலுக்குக் கொணர்கிறது. ஆயினும் அது உடைக்க அறியுமே அன்றி, உடைத்த வழியில் வருவது நன்னீரா கெடுநீரா என்று அறியாது. அதனை அறிய வேண்டியவர் நாமே.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டிலோ தெருவிலோ போர் வண்டி வந்து நின்றால், எத்தனை அடி என்று மட்டும் கேளாதீர். பைப்பு கெட்டிப் பாறையில் அமர்ந்ததா, சுற்றிலும் அடைக்கப்பட்டதா என்று கேளுங்கள். நீர் கிடைத்தால் குடிக்குமுன் சோதிக்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால், வண்டி தெருமுனையைத் தாண்டுமுன் துளையை மூடச் சொல்லுங்கள். இம்மூன்றுக்கும் பொறியியல் பட்டம் வேண்டுவதில்லை. பாலாற்றின் மணலில் நம் முன்னோர் விட்டுச்சென்ற நன்னீரை நாம் காக்கத் தவறினோம். பாறைக்குள் எஞ்சியிருப்பதையேனும் நம் பின்னோருக்குக் காத்து வைப்போமாக.